பிள்ளையைப் பற்றிய சேதி காலத்தில் வந்து சேரட்டும்: எங்கள் சர்வதேசப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் இப்பள்ளி பெற்றோருடன் தொடர்புகொள்ளும் முறையை மாற்றியமைக்க வேண்டும் என்று வேண்டி இம்மடலை எழுதுகிறேன். பள்ளியிலிருந்து தகவலே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. தகவல்கள் நிறையவே வருகின்றன. வாரந்தோறும் செய்திமடல் வருகிறது. விளையாட்டு விழாவின் படங்கள் வருகின்றன. சீருடை, பேருந்து, கட்டணம் பற்றிய நினைவூட்டல்கள் தவறாமல் வருகின்றன. ஆனால் என் மகள் ஒரு பாடத்தில் பின்தங்கத் தொடங்கியிருக்கிறாள் என்ற சேதி மட்டும், அதைச் சரிசெய்ய அவகாசம் இருக்கும்போதே, அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியரிடமிருந்து வருவதில்லை. பருவம் முடிந்து முன்னேற்ற அறிக்கை வரும்போதுதான் அது தெரிகிறது. அதற்குள் வகுப்பு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறது. பிள்ளையின் படிப்பையோ நலனையோ பாதிக்கும் எந்தச் சேதியும், குடும்பம் அதைக் கொண்டு ஏதேனும் செய்யக்கூடிய காலத்துக்குள், அதற்குப் பொறுப்பான ஒருவரின் பெயரோடு, எங்களுக்குப் புரியும் வகையில் வந்து சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை. கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒன்றை ஒட்டியவையே.

சர்வதேசப் பள்ளிகளில் இந்தத் தேவை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1968-இல் ஜெனீவாவில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலாரியட்) என்ற சர்வதேசக் கல்வி அமைப்பு தொடங்கப்பட்டபோது, வேலை நிமித்தம் நாடு விட்டு நாடு செல்லும் குடும்பங்களின் பிள்ளைகள் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் ஒரு பொதுச் சான்றிதழைப் பெற வேண்டும் என்பது அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. எனவே இந்தக் கல்விமுறை தோன்றிய காலந்தொட்டே, அதில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் வேறொரு முறையில் படித்து வளர்ந்தவர்கள். நூற்றுக்கு எத்தனை, வகுப்பில் எத்தனையாவது இடம் என்று பார்த்துப் பழகிய எங்களுக்கு, அளவுகோல் வாரியான மதிப்பீடும் ஏழுக்குள் முடியும் தரநிலையும் புதியவை. உள்ளூர்ப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளையாக இருந்தால், அதே தேர்வை எழுதி முடித்த அத்தை மகனையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சொந்தபந்தம் எதுவும் அருகில் இல்லாத ஊரில், சுற்றத்தில் ஒருவரும் படித்திராத பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்க எங்களுக்குப் பள்ளியை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

முன்னேற்ற அறிக்கையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பு வரை எம்.ஒய்.பி. எனப்படும் ஐ.பி.யின் இடைநிலைத் திட்டத்தை நம் பள்ளி பின்பற்றுகிறது. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8. ஆக மொத்தம் 32. இந்தக் கூட்டுத்தொகை 19 முதல் 23 வரை இருந்தால் தரநிலை 5. 24 முதல் 27 வரை இருந்தால் 6. 28 முதல் 32 வரை இருந்தால் 7. பள்ளி எங்களுக்கு அனுப்பும் ஒருபக்க அறிக்கையில் இறுதித் தரநிலை மட்டுமே அச்சாகிறது. ஏழுக்கு ஐந்து என்பதைப் பார்க்கும் பெற்றோர், நூற்றுக்கு எழுபது என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அது தவறான கணக்கு என்று சொல்ல அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

இதனால் நேரும் இழப்பு சிறிதல்ல. அறிவியலில் ஒரு மாணவி பாடத்தை அறிந்து புரிந்துகொள்ளும் அளவுகோலில் 7, சோதனையைத் திட்டமிடுவதில் 4, தரவுகளைக் கையாண்டு மதிப்பிடுவதில் 4, அறிவியலின் தாக்கத்தைப் பற்றிச் சிந்திப்பதில் 6 பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 21, தரநிலை 5. ஐந்தை மட்டும் பார்க்கும் வீட்டில் என்ன நடக்கும்? பாடம் புரியவில்லை போலும் என்று எண்ணி, மாலையில் தனிப்பயிற்சிக்கு அனுப்பி, புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வைப்பார்கள். அந்தப் பெண்ணுக்கோ பாடம் நன்றாகவே தெரியும். ஒரு கருதுகோளை எழுதி, எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைப்பது என்று சோதனையை வகுப்பதில்தான் அவளுக்குத் துணை வேண்டும். நான்கு எண்களையும் தனித்தனியே அச்சிட்டு, எங்கே தடுமாறுகிறாள், வீட்டில் எதைச் செய்தால் உதவும் என்று ஆசிரியர் இரண்டு வாக்கியங்கள் எழுதியிருந்தால், அந்தக் குடும்பம் தன் உழைப்பையும் பணத்தையும் தவறான இடத்தில் செலவிட்டிருக்காது. அந்த எண்கள் ஆசிரியரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. வீட்டுக்கு வரும் தாளில் அவற்றுக்கு இடம் கொடுப்பதுதான் மீதி.

இதைவிட என்னைக் கவலைகொள்ள வைப்பது, திரும்பி வர முடியாத முடிவுகள் எங்களுக்குத் தெரியாமலே எடுக்கப்படுவது. ஒன்பதாம் வகுப்பில், பத்தாம் வகுப்பின் முடிவில் தேர்வெழுதும் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் தொடங்குகிறது. அதன் தேர்வில் கணிதத்துக்குக் கோர் (அடிப்படை), எக்ஸ்டெண்டட் (விரிவானது) என இரண்டு நிலைகள் உண்டு. கோர் நிலையில் எழுதும் மாணவர் எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடையளித்தாலும் அவர் பெறக்கூடிய உச்ச கிரேடு சி மட்டுமே. எல்லாவற்றிலும் உயர்ந்த கிரேடான ஏ ஸ்டார் வேண்டுமானால் எக்ஸ்டெண்டட் நிலையில் எழுதியாக வேண்டும். ஒரு பிள்ளையைக் கோர் நிலையில் வைப்பது சில வேளைகளில் முற்றிலும் சரியான முடிவாக இருக்கலாம். தன் வேகத்துக்கு ஏற்ற தாளை எழுதி நம்பிக்கையோடு தேறுவது, எட்டாத தாளை எழுதித் தோற்பதைவிட மேல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைத் தேர்வுக்குப் பெயர் பதிவு செய்வதற்கு முன்பே, கடிதமாகவும் நேரிலும் பெற்றோருக்கு விளக்க வேண்டும். கால அட்டவணையில் பிள்ளையின் வகுப்புப் பிரிவு மாறியிருப்பதைப் பார்த்துப் பெற்றோர் தாமாக ஊகித்துக்கொள்வது எந்தப் பள்ளிக்கும் அழகல்ல.

இதே நிலைதான் டிப்ளமா எனப்படும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான கணிதத் தெரிவிலும். 2019 முதல் ஐ.பி. டிப்ளமாவில் கணிதம் இரண்டு தனிப் பாடங்களாக இருக்கிறது: ஒன்று பகுப்பாய்வையும் அணுகுமுறைகளையும் முதன்மையாகக் கொண்டது, மற்றது பயன்பாட்டையும் விளக்கத்தையும் முதன்மையாகக் கொண்டது. இரண்டும் உயர்நிலை, பொதுநிலை என இரு நிலைகளில் கற்பிக்கப்படுகின்றன. பொறியியல், இயற்பியல் போன்ற படிப்புகளுக்குப் பல பல்கலைக்கழகங்கள் முதலாவதை, அதுவும் உயர்நிலையில், கேட்கின்றன. பத்தாம் வகுப்பின் இறுதியில் ஒரு படிவத்தில் இடும் குறி, ஈராண்டுகள் கழித்து எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. படிவம் பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்டு, சில நாள்களில் கையெழுத்தோடு திரும்பக் கேட்கப்படுகிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்த ஆசிரியர் எந்தப் பிரிவை எடுக்கிறார், தோழர்கள் எங்கே சேர்கிறார்கள் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் குறியிடும். அதைக் குறையாகவும் சொல்ல முடியாது. அந்தக் குறியின் விளைவு என்ன என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே, ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கி, பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஆறு பாடங்களுக்கு அதிகபட்சம் 42 புள்ளிகள், அறிவுக் கோட்பாடு என்ற பாடமும் மாணவர் தாமே ஆய்ந்து எழுதும் நீள்கட்டுரையும் சேர்ந்து 3, ஆக 45 என்ற கணக்கையும், விண்ணப்பத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் பள்ளி அனுப்பும் முன்மதிப்பீட்டுத் தரநிலைகள் எந்தெந்த வேலைகளை வைத்துக் கணிக்கப்படுகின்றன என்பதையும் அதே மாலையில் விளக்கிவிடலாம். முன்மதிப்பீட்டைப் பற்றிப் பெற்றோர் பன்னிரண்டாம் வகுப்பில் வந்து வாதிடுவதாக ஆசிரியர்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். முன்னரே தெரிந்திருந்தால் அந்த வாதங்களில் பெரும்பாலானவை எழுந்தே இராது.

எழுத்தில் உள்ள கொள்கைகளைப் பற்றியும் ஒரு சொல். ஐ.பி. பள்ளிகள் சேர்க்கை, மொழி, மதிப்பீடு, அனைவரையும் உள்ளடக்குதல், கல்வி நேர்மை ஆகியவற்றுக்கு எழுத்துவடிவில் கொள்கைகள் வைத்திருக்க வேண்டும். நம் பள்ளியிலும் அவை இருக்கின்றன. நீளமானவை, ஆய்வுக்கு வரும் மதிப்பீட்டாளர்களுக்காக எழுதப்பட்டவை என்பது படித்தாலே தெரிகிறது. வீட்டில் எழும் கேள்விகளோ மிக எளியவை. பிள்ளையின் 4,000 சொற்கள் கொண்ட நீள்கட்டுரையை வாசித்து எழுத்துப்பிழைகளைச் சுட்டிக்காட்டலாமா? வாக்கியத்தை நானே மாற்றி எழுதினால் அது விதிமீறலா? சாட்ஜிபிடி போன்ற கருவிகளைத் தடைசெய்யப் போவதில்லை, ஆனால் அவற்றிலிருந்து எடுத்ததைத் தன் எழுத்தாகக் காட்டக் கூடாது என்று ஐ.பி. 2023-இலேயே அறிவித்திருக்கிறது, நம் பள்ளியில் எந்த வகுப்பில், எந்த வேலைக்கு, எதுவரை அனுமதி என்று எந்தப் பெற்றோருக்குத் தெரியும்? தெரியாமல் செய்த உதவிக்காகப் பிள்ளை விசாரணையில் நிற்கும் நிலை வரக் கூடாது. ஒவ்வொரு கொள்கைக்கும், வீட்டில் செய்யத்தக்கதையும் தகாததையும் சொல்லும் ஒருபக்கச் சுருக்கம் வேண்டும்.

குறித்த காலத்தில் அனுப்பப்படும் சிறிய செய்தி எவ்வளவு பயன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் 36 உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தப்பட்டு, 2016-இல் கல்வி அறக்கட்டளை ஒன்றால் வெளியிடப்பட்ட ஆய்வில், பெற்றோருக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்திகள் மட்டுமே அனுப்பப்பட்டன. வரவிருக்கும் தேர்வின் தேதி, செய்யாமல் விட்ட வீட்டுப்பாடம், வகுப்பில் இப்போது நடக்கும் பாடத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசத் தூண்டும் ஒரு குறிப்பு: அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் கணிதத்தில் ஏறத்தாழ ஒரு மாதக் கற்றலுக்கு இணையான கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். வகுப்புக்கு வராமலிருப்பதும் குறைந்தது. ஒரு மாதம் என்பது மிகப் பெரிய மாற்றமல்ல என்று சொல்லலாம். புதிய கட்டடமோ புதிய ஆசிரியர்களோ இல்லாமல், மிகக் குறைந்த செலவில் கிடைத்த ஒரு மாதம் அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெற்றோர் தெரிந்துகொண்டதால் பெற்றோர் கேட்டார்கள். கேட்டதால் பிள்ளைகள் படித்தார்கள்.

செய்தி வரும் வழிகள் பலவாகக் கிடப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்களே அறிவீர்கள். மின்னஞ்சல் ஒன்று, பள்ளிச் செயலி ஒன்று, வகுப்பாசிரியரின் தனிச் செயலி ஒன்று, அவற்றுக்கு மேல் பெற்றோரே நடத்தும் வாட்ஸ்அப் குழு. அதிகாரபூர்வமான செய்தி எங்கே இருக்கும் என்று தெரியாததால்தான் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். அங்கே முதலில் பதில் சொல்பவர் சொன்னதே உண்மையாகிவிடுகிறது. எல்லாச் செய்திக்கும் நிலையான ஓரிடம் இருக்கட்டும். பெற்றோர் ஏதேனும் செய்தாக வேண்டிய செய்தியானால், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பது தலைப்பிலேயே வரட்டும். நிகழ்ச்சிப் படங்களுக்கும் தேர்வுத் தேதி மாற்றத்துக்கும் ஒரே மடலில் இடம் கொடுக்க வேண்டாம்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில் பாதிக்கப்படுவோர் குறை சொல்ல வருவதே இல்லை. ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேசும் பெற்றோரின் குரல்தான் கூட்டங்களில் கேட்கிறது. மற்றவர்கள் பின்வரிசையில் அமர்ந்து, தலையசைத்துவிட்டு, கொடுத்த தாளை மடித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைமீது அக்கறை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் அந்தத் தாளை மொழிபெயர்ப்பது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்தத் தாள் யாரைப் பற்றியதோ அந்தப் பிள்ளையேதான். பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பிலும் அப்படியே. ஆசிரியர் சொல்வதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் தாய்க்கு எடுத்துச் சொல்கிறது. தன் குறையைத் தானே தாயிடம் சொல்ல வேண்டிய அந்தச் சங்கடத்தில் எதை விடும், எதை மழுப்பும் என்று ஊகிக்கலாம். ஒழுங்கு நடவடிக்கை, கற்றல் குறைபாடு, மனநலம் ஆகியவற்றைப் பேசும்போது பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்கவே கூடாது என்பதைப் பள்ளி விதியாக எழுதிவைக்க வேண்டும். பத்து நிமிடச் சந்திப்பு மொழிபெயர்ப்போடு நடந்தால் ஐந்து நிமிடச் சந்திப்பாகிவிடும். அந்தக் குடும்பங்களுக்கு இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். எல்லாச் சுற்றறிக்கைகளையும் எல்லா மொழிகளிலும் தர முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் அறிவிப்புகளைப் படமாகவும் சுவரொட்டியாகவும் வடிவமைத்து அனுப்பாமல், சின்னச் சின்ன வாக்கியங்களில் வெறும் எழுத்தாகவே அனுப்பினால், கைப்பேசியிலுள்ள மொழிபெயர்ப்பு வசதியைக் கொண்டு பெற்றோர் தாமே படித்துக்கொள்வார்கள். இதற்கு ஒரு செலவும் இல்லை.

ஆசிரியர்களின் நேரத்தைப் பற்றி எண்ணாமல் இதையெல்லாம் நான் கேட்கவில்லை. இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காலைக்குள் பதில் எதிர்பார்க்கும் பெற்றோரும் எங்களிடையே இருக்கிறார்கள், அது நியாயமல்ல. இரண்டு வேலைநாள்களுக்குள் பதில், வேலை நேரத்துக்குப் பின்பும் விடுமுறை நாளிலும் பதில் இல்லை என்று பள்ளி அறிவிக்கட்டும்; நாங்கள் அதற்குக் கட்டுப்படுகிறோம். ஆனால் இரண்டு நாள் என்று சொன்னால் அது இரண்டு நாளாகவே இருக்க வேண்டும். செய்திமடலுக்கும் புகைப்படப் பதிவுகளுக்கும் ஆசிரியர்கள் இப்போது செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை எடுத்து, பின்தங்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் பருவத்தின் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு என்று மாற்றினால், மொத்தச் சுமை கூடாது என்றே நம்புகிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைப்பு போகட்டும். பள்ளியின் எண்ணைக் கைப்பேசியில் பார்த்தாலே ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பதறும் நிலை அப்போதுதான் மாறும்.

சர்வதேசப் பள்ளிகளில் ஆசிரியர்களின் முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் ஈராண்டுகளுக்கே போடப்படுகிறது. பிள்ளையின் இயல்பை ஓர் ஆசிரியர் புரிந்துகொண்டு, குடும்பத்தோடு நம்பிக்கை வளர்ந்த வேளையில் அவர் வேறு நாட்டுக்குப் போய்விடுகிறார். அது அவருடைய உரிமை. ஆனால் அவர் அறிந்ததெல்லாம் அவரோடு போய்விடுவதால், அதே கதையை ஆகஸ்டு மாதம் புதியவரிடம் முதலிலிருந்து நாங்கள் சொல்ல நேர்கிறது. விடைபெறும் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுதும் ஒப்படைப்புக் குறிப்பும், அதைப் பெற்றோர் படித்துத் தம் கருத்தைச் சேர்க்கும் வாய்ப்பும் இருந்தால் அந்த இழப்பில் பாதியேனும் குறையும்.

விபத்து, மிரட்டல், சண்டை போன்றவை நேரும்போது, எல்லா விவரமும் திரட்டிய பிறகே எழுதலாம் என்று பள்ளி காத்திருக்கிறது. அந்தச் சில மணி நேரத்தில் வதந்தி எல்லா வீட்டையும் சென்றடைந்துவிடுகிறது. நடந்தது என்ன என்று உறுதியாகத் தெரிந்த அளவு, பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா, அடுத்த செய்தி எத்தனை மணிக்கு வரும் என்ற மூன்றும் இருந்தால் முதல் செய்திக்குப் போதும். மற்றொரு பிள்ளையின் தனியுரிமையை முன்னிட்டுச் சில விவரங்களைச் சொல்ல முடியாது என்றால், அதையும் அப்படியே சொல்லுங்கள், நாங்கள் ஏற்றுக்கொள்வோம். எதுவும் நடக்கவில்லை என்பதுபோன்ற மௌனத்தைத்தான் ஏற்க முடிவதில்லை.

ஐ.பி. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பள்ளிகளை மதிப்பிடும்போது பெற்றோரின் கருத்துகளும் கேட்கப்படுகின்றன. நாங்கள் கருத்துப் படிவங்களை நிரப்பி அனுப்புகிறோம். அவற்றில் என்ன வந்தது, எதை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று பிறகு யாரும் சொல்வதில்லை. ஏற்காததற்கான காரணத்தைச் சொன்னால் மனத்தாங்கல் வரும் என்று அஞ்ச வேண்டாம். காரணம் அறிந்த பெற்றோர் அடுத்த முறையும் எழுதுவார்கள். பதிலே பெறாதவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள், பிறகு ஒருநாள் பிள்ளையையும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

இவற்றுள் மூன்றை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு அளவுகோல்களின் எண்களும் அடுத்த பருவ அறிக்கையில் இடம்பெற வேண்டும். ஐ.ஜி.சி.எஸ்.இ. கணித நிலை, டிப்ளமா கணிதத் தெரிவு ஆகியவற்றைப் பற்றிய விளக்கக் கூட்டம், பதிவுக்கும் படிவத்துக்கும் முன்னதாக நடக்க வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர்களாகப் பயன்படுத்துவது வரவிருக்கும் பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பிலிருந்தே நிற்க வேண்டும். தமிழ் பேசும் குடும்பங்களுக்கு அந்தச் சந்திப்புகளில் மொழிபெயர்த்து உதவ என்னைப் போன்ற சில பெற்றோர் ஆயத்தமாக இருக்கிறோம். பிற மொழிக் குடும்பங்களிலும் கேட்டால் முன்வருவார்கள். பேசப்படும் செய்திகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிடவும் எங்களுக்குத் தடையில்லை. மற்றக் கோரிக்கைகளை நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்த்து, ஏற்பவை, ஏற்காதவை, அவற்றுக்கான காரணங்கள் ஆகியவற்றை எல்லாப் பெற்றோருக்கும் எழுத்து வடிவில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளியில் பயிலும் மாணவி ஒருவரின் பெற்றோர்